ஒரே சின்னத்துக்குள் ஐந்து ஜன்னல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, இ-சேவை மையத்தில் ஒருவருடைய ஆதார் இன்னொருவரின் வருமானச் சான்று விண்ணப்பத்தில் ஏறிவிட்டால் திட்டு வாங்குவது ஆபரேட்டர்தான். பாதிக் குற்றம், திறந்த ஜன்னல்களில் சரியானதைத் தேட வைக்கும் திரையின் அமைப்பில் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

விண்டோஸ் 95-இல் டாஸ்க்பார் (திரையின் அடியில் இருக்கும் பட்டை) வந்தபோது, திறந்த ஒவ்வொரு ஜன்னலுக்கும் பெயருடன் ஒரு பட்டன் இருந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 பெயரை மறைத்து, ஒரே மென்பொருளின் ஜன்னல்களை ஒரு சின்னத்துக்குள் அடக்கியது. பார்க்க அழகுதான். ஆனால் ஐந்து பிடிஎஃப் திறந்திருந்தால் சின்னத்தைக் கிளிக் செய்து, பிறகு குட்டிப் படங்களில் தேட வேண்டும். ஸ்கேன் செய்த தாள்கள் அந்த அளவில் எல்லாம் ஒரே வெள்ளை. செட்டிங்ஸில் அதுவரை தேர்வாக இருந்த பழைய முறையை விண்டோஸ் 11 அடியோடு எடுத்துவிட்டு, 2023-இல்தான் திருப்பித் தந்தது. டாஸ்க்பாரில் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். அங்கே பட்டன்களைச் சேர்க்கும் இடத்தில் 'நெவர்' என்று வைத்தால் போதும்.

பெயர் தெரிந்தாலும் 'ஸ்கேன்_0001', 'ஸ்கேன்_0002' என்றிருந்தால் என்ன பயன்? ஜன்னல்கள் கூடக் கூடப் பட்டன் சுருங்கி முதல் சில எழுத்துகளே மிஞ்சும். 'ஆதார்_மேரி' வேண்டாம், 'மேரி_ஆதார்' என்று சேமியுங்கள்.

ஆல்ட் கீயைப் பிடித்தபடி டேப் கீயைத் தட்டினால் வரும் ஜன்னல் வரிசை (ஆல்ட்-டேப்), கடைசியாகப் பயன்படுத்திய ஒழுங்கில் வருவது. ஒரு தட்டு தட்டினால் முந்தைய ஜன்னல், மறுபடி தட்டினால் பழைய இடம். இரண்டு ஜன்னலுக்குள் போய்வர அது போதும். மூன்றாவது நுழைந்ததும் வரிசை கலைந்துவிடும், கண்ணால் தேட வேண்டும். எட்ஜ் பிரவுசரின் டேப்களும் அதில் வந்து நெருக்கினால் செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங் போய் நிறுத்தலாம்.

இடம் மாறாதது டாஸ்க்பாரில் 'பின்' செய்த, அதாவது நிலையாகப் பொருத்திய, சின்னங்கள் மட்டுமே. பிரவுசர், ஸ்கேனர், வேர்டு என்று இடமிருந்து வரிசையாக வைத்தால் விண்டோஸ் கீயுடன் 1, 2, 3 அழுத்தினாலே அவை வரும். சில நாளில் விரலுக்கே பழகிவிடும். பயிற்சி மையங்களில் டைப்பிங்குக்குத் தரும் நேரத்தில் அரை மணி நேரத்தை இதற்கும் ஒதுக்கலாமே!

விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு இயங்குதளம் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: அதன் சில பதிப்புகளில் ஆல்ட்-டேப் மென்பொருள்களுக்கிடையே மாற்றும். ஒரே மென்பொருளின் ஜன்னல்களுக்கு ஆல்ட்டுடன் டேப்புக்கு மேலுள்ள கீயை அழுத்த வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்சி ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.