கார்ல் என்றால் ராஜா இல்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

என் மருமகனுக்குக் கார்ல் என்று பெயர் வைக்கப்போவதாக ஜெர்மனியிலிருந்து நீ போனில் சொன்ன நாள் முதல் வீட்டில் இதே பேச்சுதான். "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று சித்தப்பா கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் உனக்குப் போன் செய்தேன். "ராஜான்னு சொல்லிடுக்கா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு அது மனசில் ஒட்டவில்லை. ஒரு வாரமாகத் தேடிப் படித்தேன். அர்த்தம் ராஜா இல்லை. ஆனால் நீ சொன்னது முழுத் தவறும் இல்லை.

கார்ல் என்பது பழைய ஜெர்மானிய மொழிகளில் வெறும் சாதாரணச் சொல். ஆள், ஆண்மகன் என்று பொருள். யாருக்கும் அடிமையில்லாத, அதே சமயம் பிரபுவும் இல்லாத மனிதனைக் குறித்தது. ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியான நார்ஸில் உள்ள பாடல் ஒன்றில் மனிதர்கள் மூன்று வகையாக வருகிறார்கள். அடிமைக்குத் திரால் என்று பெயர், பிரபுவுக்கு யார்ல். இரண்டுக்கும் நடுவில் இருப்பவன் கார்ல். அவன் காளைகளைப் பழக்குகிறான், ஏர் செய்கிறான், வீடும் களஞ்சியமும் கட்டுகிறான். படித்தவுடன் எனக்கு நம் தாத்தாதான் கண்முன் வந்தார். நம் மொழியில் இதற்குச் சரியான சொல் குடியானவன். சித்தப்பாவிடம் அதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்ல பேருதான்" என்றார்.

இதே சொல் ஆங்கிலத்தில் சர்ல் என்றாகி, பண்பு தெரியாத முரடன் என்று கீழே இறங்கிவிட்டது. நம் ஊரில் பட்டிக்காட்டான் என்பது வசவானதைப் போல. உன் மனைவி வீட்டில் யாரையாவது கெர்ல் என்று சொல்வதைக் கேட்டிருப்பாய். ஆள், பயல் என்ற பொருளில் வரும் அந்தச் சொல்லும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

சரி, ராஜா எங்கிருந்து வந்தது? ஃபிராங்கியர்கள் என்ற பழைய ஜெர்மானிய மக்களின் அரசன் ஒருவனுக்கு இந்தப் பெயர் அமைந்தது. 768இல் அரியணை ஏறி, 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரோமில் பேரரசனாக முடிசூட்டப்பட்டு, 814இல் ஆகனில் இறந்த மகா கார்ல். நாம் பள்ளியில் சார்லமேன் என்று படித்தோமே, அவர்தான். அவருடைய ஆட்சிக்குக் கிழக்கே இருந்த ஸ்லாவிய மக்களுக்கு அரசன் என்றாலே கார்ல்தான் என்றாகி, அவர் பெயரே அவர்கள் மொழிகளில் அரசனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. செக் மொழியில் க்ரால், போலிஷில் க்ரூல், ரஷ்யனில் கரோல். ஸ்லாவிய மொழியல்லாத ஹங்கேரியனும் அவர்களிடமிருந்து வாங்கிக் கிராய் என்றது. சீசர் என்ற பெயரிலிருந்து, பேரரசன் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லான கைசர் வந்த மாதிரியே. குடியானவன் என்ற பெயர், அதை வைத்திருந்த ஒருவரால் அண்டை வீட்டுக்காரர்களின் வாயில் அரசன் ஆனது. அதனால்தான் நீ சொன்னதில் பாதி உண்மை என்கிறேன்.

அந்தப் பேரரசனைப் பற்றி அவர் அவையில் இருந்த ஐன்ஹார்ட் எழுதியிருப்பது என்னைக் கலங்க வைத்தது. வயதான பிறகு எழுதக் கற்க ஆசைப்பட்டு, தலையணைக்கு அடியில் எழுத்துப் பலகைகளை வைத்துக்கொண்டு, நேரம் கிடைத்தபோதெல்லாம் எழுத்தெழுதிப் பழகினாராம். தாமதமாகத் தொடங்கியதால் பெரிதாகக் கைகூடவில்லை. அவருடைய ஆணைகளில் கரோலுஸ் என்ற பெயரைச் சிலுவை வடிவில் கோத்து எழுத்தர் வரைந்துவிடுவார். அவர் போட்டதெல்லாம் ஒரு சின்னக் கோடு. தன் பெயருக்குத் தானே கோடு இழுத்த அந்தக் கையை நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொரு கார்ல் உன் ஊர்க்காரர். கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் தலைவராக இருந்த கார்ல் கிரவுல். 1848இல் டிரெஸ்டனிலிருந்து லைப்சிக்குக்குத் தன் மிஷன் பணியை மாற்றி, மறு ஆண்டே இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்து, தமிழ் கற்றுத் திரும்பி, 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். உன் மகன் வள்ளுவரைப் படிக்கும்போது அவன் பெயர் கொண்ட ஒருவர் அங்கே முன்பே காத்திருப்பார். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

பழைய பெயர் என்று நீ தயங்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வீட்டுக்கு வீடு கார்ல். அப்புறம் தாத்தாக்களின் பெயராகி ஒதுங்கிவிட்டது. இப்போது எமில், அன்டோன் போன்ற பெயர்களோடு சேர்ந்து மறுபடியும் குழந்தைகளிடம் வந்திருக்கிறது.

அம்மா பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள். அவள் வாயில் காரல் என்றுதான் வருகிறது. நம் நாக்குக்கு ரகரத்தையும் லகரத்தையும் ஒட்டிச் சொல்ல வராது. அதனால்தான் நம் பக்கம் பையன்களுக்குக் காரல் மார்க்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ரஷ்யர்களும் நடுவில் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துத்தான் கரோல் ஆக்கினார்கள்.

பெயர் சூட்டும் நாளில் வீடியோவில் கூப்பிடு. போனைக் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள். அம்மா மூன்று முறை சொல்ல வேண்டுமாம். காரல் என்றுதான் சொல்வாள், நீ திருத்தாதே.

அன்புடன்,
அக்கா