நாய் கடிச்ச இடத்துல மஞ்சள் தடவிட்டு சொல்லாம இருக்கிற பிள்ளைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் தக்கலை பக்கம் வீட்டுல வச்சு டியூஷன் எடுக்கேன். போன மாசம் பத்தாம் கிளாஸ் பையன் ஒருத்தன் கால நீட்டி உக்காந்தப்ப பாத்தேன், கணுக்காலுக்கு மேல மஞ்சளும் தேங்காண்ணையும் அப்பி காஞ்சு கிடக்கு, என்ன மக்களேன்னு கேட்டா முள்ளு கீறுனதுன்னான், திரும்பத் திரும்ப கேட்ட பிறகுதான் தெருவுல ஒரு நாய்க்குட்டிய தூக்கப் போயி அது கடிச்சிட்டுன்னு சொல்லுகான். நடந்து ரெண்டு நாளாச்சு, வீட்டுல மூச்சு விடல. சொன்னா ஏச்சு விழும், ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனா அம்மைக்கு அண்டி ஆபீஸ்ல (முந்திரிப் பருப்பு ஆலையில) ஒரு நாள் சம்பளம் போயிரும்னு அவனே கணக்கு போட்டிருக்கான். அன்னைக்கே அம்மைய வரச்சொல்லி அனுப்பி வச்சேன், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஊசி இலவசமாத்தான் போட்டாங்க.

குட்டி நாயோ வளத்த நாயோ, பல்லோ நகமோ பட்டா உடனே ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், அப்புறம் ஊசிக்கு போணும், டாக்டர் சொல்ற நாளெல்லாம் விடாம போடணும். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா பிழைக்க வைக்கிறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். மஞ்சளுக்கு அங்க ஒரு வேலையும் இல்ல.

நாட்டு மருந்த நான் குறை சொல்ல வரல. சளிக்கு சுக்கு காப்பியும் நொச்சி ஆவியும் எங்க வீட்டுலயும் உண்டு, கோட்டார்ல கவர்மெண்ட் ஆயுர்வேத காலேஜ் ஆஸ்பத்திரியே இருக்கு, அங்க போயி காட்டுனா அதுவும் வைத்தியம்தான். ஆனா இந்த வயசுப் பிள்ளைங்க வைத்தியர்ட்டயும் போறதில்ல, ரீல்ஸ பாத்து அதுகளே மருந்த முடிவு பண்ணுதுங்க. டெங்கு காய்ச்சல்ல சூடு குறையிற நேரந்தான் ஆபத்தே, அந்த நேரத்துல பப்பாளி இலைச் சாற குடிச்சிட்டு சரியாயிட்டுன்னு ஸ்கூலுக்கு கிளம்புதுங்க. பொம்பளப் பிள்ளைங்க பாடு இன்னும் கஷ்டம், மாசாமாசம் வலியில சுருண்டு கிடந்தாலும் வெந்தயத்த முழுங்கிட்டு இருக்கும், டாக்டர்ட்ட போலாமேன்னா "கூட யாரு வந்திருக்கான்னு கேப்பாங்க டீச்சர்"ங்கும். அதுக ஆசைப்பட்டா வெந்தயத்துக்கு போகுது? வேற வழி இல்லாமத்தான.

10லருந்து 19 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்குன்னே மத்திய அரசு 2014ல ஒரு திட்டம் கொண்டாந்து, வளரிளம் பருவத்தினருக்கு தனி ஆலோசனை மையம்னு ஆஸ்பத்திரிகள்ல வைக்கச் சொல்லிருக்கு. என்கிட்ட படிக்கிற ஒரு பிள்ளைக்கும் அது தெரியாது. ஓபி காலையில, ஸ்கூலும் காலையில, பிறகு எப்படி போவும்? சாயங்காலமோ சனிக்கிழமையோ ஒரு நேரம் வச்சு, பெரியவங்க கூட இல்லாட்டியும் ஏசாம உக்கார வச்சு பேசணும்னு மாவட்ட சுகாதாரத் துறைய கேட்டுக்கிடுகேன்.

எந்த ஆஸ்பத்திரியில என்னைக்கு அந்த மையம் திறந்திருக்கும்னு விசாரிச்சு உங்க பேப்பர்ல குமரி மாவட்டச் செய்தி வர்ற பக்கத்துல போட்டீங்கன்னா, வெட்டி எங்க டியூஷன் சுவத்துல ஒட்டிருவேன்.

இப்படிக்கு,
டியூஷன் டீச்சர், தக்கலை