லாக்ஸ்டனுக்கு ஒரு நடை போய் வா

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது, கவலைப்படாதே.

நீ அனுப்பிய நாட்டிங்ஹாம் கோட்டைப் படங்களைப் பார்த்தேன். "பழைய கோட்டைன்னு போனா ஏதோ பங்களா மாதிரி இருக்குப்பா" என்று எழுதியிருந்தாய். சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். பழைய கோட்டையை 1651இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். நீ பார்த்தது அதற்கப்புறம் ஒரு பிரபு கட்டிக்கொண்ட மாளிகை. இருந்தாலும் இடைக்கால ஐரோப்பா என்றதும் கோட்டை, குதிரை வீரன், ராணி என்றே எல்லோரும் தேடுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஜனங்களில் பெரும்பாலோர் உழுதவர்கள். அவர்களைப் பார்க்க வேண்டுமானால் உன் நாட்டிங்ஹாமுக்கு வடக்கே லாக்ஸ்டன் என்று ஒரு கிராமம் இருக்கிறது, அங்கே போ. வண்டியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அந்த ஊரில் மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல். உள்ளே வேலி கிடையாது. ஒவ்வொரு வயலும் நீளநீளத் துண்டுகளாகப் பிரிந்து, ஒரு குடும்பத்தின் நிலம் மூன்றிலும் சிதறிக் கிடக்கும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பார்லியோ பட்டாணியோ, மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் சுழற்சி மாறும். இங்கிலாந்தின் பாதி ஒரு காலத்தில் இப்படித்தான் உழுதது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் நிலத்தை வளைத்து வேலி போட்டுவிட்டார்கள். இங்கே அது தப்பித்துக்கொண்டது. துண்டுகள் இப்போது பெரிதாகிவிட்டன, டிராக்டர் ஓடுகிறது, ஆனால் முறை அதேதான். 1635இல் மார்க் பியர்ஸ் என்ற சர்வேயர் இந்த ஊரைத் துண்டு துண்டாக அளந்து வரைந்த வரைபடம் ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. அதன் ஓரங்களில் ஏர் ஓட்டுகிறவன், கதிர் அறுக்கிறவர்கள் எல்லோரையும் குட்டிக்குட்டியாக வரைந்து வைத்திருக்கிறார் மனிதர்.

நிலம் ஏன் சிதறிக் கிடந்தது? நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் வரட்டும் என்பது ஒரு காரணம் என்கிறார்கள். அதன் விளைவைப் பார்: பக்கத்துக்காரன் கோதுமை போட்டால் நீயும் கோதுமைதான் போட வேண்டும். ஊர் சொன்ன நாளுக்குள் அறுத்தாக வேண்டும், ஏனென்றால் அப்புறம் அறுத்த தாளில் எல்லோருடைய மாடும் மேயும். வரப்பைத் தாண்டி ஒரு சால் அதிகமாக உழுதால் அபராதம். இந்த அபராதங்களை எல்லாம் ஒரு குமாஸ்தா ஆட்டுத் தோலில் லத்தீனில் எழுதிச் சுருட்டி வைத்தார். ஊர் நிலத்துக்கு உடையவரான பிரபுவின் பண்ணை நீதிமன்றச் சுருள்கள் அவை. ஆயுள் பூராவும் கிராமக் கணக்கு எழுதிய எனக்கு, ஐரோப்பாவில் பார்க்க ஆசைப்படும் பொருள் அதுதான்.

பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தவர்கள் பண்ணையடிமைகள். அப்படி ஒரு குடும்பத்திடம் முப்பது ஏக்கர் இருந்தால் வசதியான குடும்பம். அதற்கு வாடகை பெரும்பாலும் உடம்பு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் வேலை, அறுவடையில் அதற்கு மேலும். விளைச்சலில் பத்தில் ஒன்று சர்ச்சுக்கு. குடும்பத் தலைவர் செத்தால், இருப்பதில் நல்ல மாடு பிரபுவுக்கு. மகளைக் கட்டிக் கொடுக்கக் காசு. பிள்ளை வெளியூரில் போய் இருந்தால் அதற்கும் வருடா வருடம் காசு, சில இடங்களில் கோழி. அந்தக் கணக்குப்படி நீ நாட்டிங்ஹாமில் இருப்பதற்கு நான் எத்தனை கோழி கொடுத்திருப்பேனோ! ஆனால் ஒன்று, உன் நாட்டிங்ஹாமுக்கு இரண்டாம் ஹென்றி ராஜா கொடுத்த சாசனத்தில் ஒரு வரி உண்டு: எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இந்த நகரத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் யாரும் உரிமை கோராமல் இருந்துவிட்டால், ராஜாவைத் தவிர வேறு யாருக்கும் அவர் மேல் பாத்தியதை இல்லை. ஓடிப்போகிறவர்களுக்கு அந்த ஒரு வருடம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்.

சுருள்களில் பெண்கள் அதிகம் வருவது பீர் விஷயத்தில். ஏல் என்ற பானத்தை வீட்டில் காய்ச்சி விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். ரொட்டிக்கும் ஏலுக்கும் அளவும் விலையும் சட்டத்தில் உண்டு; மீறியதாக ஒவ்வொரு முறையும் அதே பெண்களுக்கு அபராதம். பெயருக்குத்தான் அபராதம், உண்மையில் அது லைசென்ஸ் கட்டணம். கட்டிவிட்டு அடுத்த அடுப்பைப் பற்ற வைத்தார்கள். ஆனால் சண்டை போடாமல், தண்டம் கட்டாமல் வாழ்ந்து செத்த ஆள் அந்தச் சுருளில் அநேகமாக இருக்கவே மாட்டார். அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அதைப் படிக்க வேண்டும்.

ஊர் வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் ரீவ் என்ற மணியக்காரர். அவரும் ஒரு பண்ணையடிமையே. பல ஊர்களில் அடிமைகளே கூடித் தேர்ந்தெடுத்தார்கள். செப்டம்பர் 29, புனித மைக்கேல் திருநாளோடு கணக்கு வருடம் முடியும், அப்புறம் தணிக்கை. நம்ம ஜமாபந்தியேதான். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், குச்சியில் வெட்டிய கோடுகளை வைத்துக்கொண்டு எத்தனை மூட்டை, எத்தனை முட்டை என்று ஒப்பிக்க வேண்டும். குறைந்தால் கைக்காசு. யார்தான் அந்தப் பதவிக்கு ஆசைப்படுவார்கள்? காசு கட்டி விலகிக்கொண்டவர்களும் உண்டு.

உனக்கு நான் சொல்ல நினைத்தது செயின்ட் ஆல்பன்ஸ் கதை. லண்டனுக்கு வடக்கே பெரிய மடம். மாவு அரைப்பதென்றால் மடத்து மில்லில்தான் காசு கொடுத்து அரைக்க வேண்டும். ஜனங்கள் வீட்டில் திருகைக்கல் வைத்திருந்தார்கள். 1330களில் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் என்ற மடாதிபதி (வானியல் கடிகாரம் செய்த பெரிய மேதை, அது வேறு) அந்தக் கற்களைப் பறிமுதல் செய்து மடத்து அறையில் தரையாகப் பதித்துவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் மிதிக்கட்டும் என்று.

அப்புறம் 1348இல் கொள்ளைநோய் வந்தது. மூன்றில் ஒருவர், சில ஊர்களில் பாதிப் பேர் போனார்கள். ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறியது. 1351இல் சட்டம் போட்டு, நோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் கேட்கக்கூடாது என்றார்கள். வைக்கோல் வேலைக்கு நாளுக்கு ஒரு பென்னி. அதற்கு மேல் தலைவரி, மூன்றாவது முறையாக, தலைக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. 1381 ஜூனில் லண்டனுக்குப் பக்கத்து மாவட்டங்களான எசெக்ஸும் கென்ட்டும் கலகத்தில் எழுந்தன. போன இடமெல்லாம் பண்ணைச் சுருள்களைத் தேடிக் கொளுத்தினார்கள். தான் அடிமை என்பதற்குச் சாட்சி அந்தத் தோல்தானே. செயின்ட் ஆல்பன்ஸில் வில்லியம் கிரிண்ட்கோப் தலைமையில் உள்ளே புகுந்து, தரையில் பதித்த திருகைக்கற்களைப் பெயர்த்து உடைத்து ஆளுக்கொரு துண்டாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஐம்பது வருட வன்மம்! பறிகொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். பதினான்கு வயது ராஜா இரண்டாம் ரிச்சர்ட் விடுதலை எழுதிக் கொடுத்தார், சில வாரத்தில் செல்லாது என்றார். கிரிண்ட்கோபைத் தூக்கில் போட்டார்கள்.

கலகம் தோற்றது, ஆனால் ஆள் பற்றாக்குறை தீரவில்லை. அடுத்த நூறு வருடத்தில் பண்ணையடிமை முறை அநேகமாகத் தானாகவே தேய்ந்துபோனது. அப்போது நிலத்துக்கு அத்தாட்சி எது தெரியுமா? கொளுத்தினார்களே, அதே சுருளில் இருந்து எடுத்த நகல். அந்த நகலை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அனுபவித்தார்கள். அந்த உரிமைமுறை 1926இல்தான் ஒழிந்தது. நீதிமன்றத்தில் "இதோ என் நகல்" என்று நீட்டிய முதல் ஆளைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

லாக்ஸ்டனில் அந்த நீதிமன்றம் இன்னும் கூடுகிறது. நவம்பர் கடைசி வாக்கில் ஊர் விவசாயிகள் ஜூரியாகக் கோதுமை வயலை நடந்து பார்த்து, எல்லை தாண்டி உழுத இடத்தில் மர முளை அடிப்பார்கள். அடுத்த வாரம் கூடி அபராதம் போடுவார்கள். நாள் விசாரித்துக்கொண்டு போ. நல்ல பூட்ஸ் போட்டுக்கொள், பயிரை மிதிக்காதே. முளையை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. எவ்வளவு ஆழம் இறக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா