செந்திலுக்கு, முயல் விஷயமாக

எடிசன், நியூஜெர்சி
ஜூன் 23

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று நான் சொல்கிறேன், இல்லை என்று அவள் சொல்கிறாள்.

போனில் பேசும்போது நீ ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறாய், நான் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறேன். முயல் குட்டிப் படங்களை அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நீ கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். அதில் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால்தான் பேத்தியின் நோட்டில் நாலு தாள் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் அக்கா போட்டோ பிடித்து அனுப்புவாள்.

அக்கா வீட்டுப் பின்பக்கத்தில் மரச்சட்டம் அடித்து மண் கொட்டிய பாத்தி மூன்று இருக்கிறது. இங்கே மே பாதி வரைக்கும் பனியை நம்ப முடியாது. அதனால் நாற்றையெல்லாம் வீட்டுக்குள் ஜன்னலோரம் வளர்த்து, மே 15க்கு மேல்தான் வெளியே நட்டோம். கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி, ஓரமாக அவரை, கொத்தவரை. தண்டுக்கீரையும் தூவினேன்.

ஜூன் பிறந்ததும் அவரைக் கன்றுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தக்காளியையும் மிளகாயையும் எதுவும் தொடவில்லை. மான் வேலை என்றார் மாப்பிள்ளை. இங்கே தெருவில் மான் நடப்பது நம்ம ஊரில் ஆடு நடப்பது போல. நான் குனிந்து தண்டைப் பார்த்தேன். பிளேடால் சரித்து வெட்டியது மாதிரி இருந்தது. மான் கடித்தால் அப்படி இருக்காது. ஆடு மாடு போல அதற்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. இழுத்துப் பிய்க்கும், நார் நாராகத் தொங்கும். இது மேலேயும் கீழேயும் உளி மாதிரிப் பல் வைத்திருக்கிற ஜீவன். "முயல்" என்றேன். "எப்படி மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். சின்ன வயதில் ஆடு மேய்த்தது அமெரிக்காவில் உதவும் என்று யார் கண்டது?

அதற்கு இரண்டு நாள் கழித்து, இரண்டு பாத்திகளுக்கு நடுவில் உள்ள புல்தரையில் ஓர் இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகக் கிடந்தது. பூச்சி விழுந்த இடமாக இருக்கும் என்று காய்ந்த புல்லைக் கையால் வாரினேன். வந்தது பாதி புல், பாதி பஞ்சு. சாம்பல் நிறப் பஞ்சு, அடியில் கதகதவென்று இருந்தது. விலக்கிப் பார்த்தால் ஒரு குழி. பெரிய தேங்காயைப் பாதி புதைக்கிற அளவுதான். அதற்குள் ஐந்து குட்டிகள், ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். கண் திறக்கவில்லை, காது முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. நெற்றியில் மட்டும் யாரோ விபூதி தொட்டு வைத்த மாதிரி வெள்ளை. என் விரல் பட்டதும் ஐந்தும் ஒரே நேரத்தில் துள்ளி வாயைத் தூக்கின. தாய் வந்துவிட்டது என்று நினைத்திருக்கும்.

வாரியதை அப்படியே போட்டு மூடிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் அந்தப் பஞ்சை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தாள். "இது புல்லுல வந்ததில்ல. தன் வயித்து மயிரத் தானே பிடுங்கிப் போட்டிருக்கு" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "தொட்டுட்டீங்களா? இனி தாய் சேர்க்காதே!" என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் துணி விரித்து உள்ளே கொண்டுபோய்விடலாம் என்று பேத்தி அழ ஆரம்பித்தாள்.

காயம்பட்ட காட்டு உயிர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றுக்கு அக்கா போன் போட்டாள். பேசிய பெண்மணி கேட்ட முதல் கேள்வி, குட்டிகளை வெளியே எடுத்தீர்களா என்பது. இல்லை என்றதும் நிம்மதியாகப் பேசினாராம். மனுஷ வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது சும்மா கட்டுக்கதை, இந்த முயல் அப்படியெல்லாம் விட்டுப் போகாது. பகல் முழுக்கத் தாயைக் காணவில்லையே என்று பயப்பட வேண்டாம், அது வேண்டுமென்றேதான் தள்ளியிருக்கிறது. கிட்டே உட்கார்ந்தால் நரிக்கும் பருந்துக்கும் பூனைக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி. விடியலில் ஒரு தடவை, பொழுது அடையும் நேரம் ஒரு தடவை வந்து சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பால் அவ்வளவு கெட்டி, குட்டிக்கு அது போதும். வீட்டுக்குள் கொண்டுபோனால்தான் செத்துப்போகும், எடுத்து வளர்த்தால் பிழைப்பது அபூர்வம். உரிமம் இல்லாமல் வளர்க்க இந்த மாநிலத்தில் அனுமதியும் இல்லை. இதெல்லாம் ஸ்பீக்கர் போனில். அக்கா தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் எனக்கு உன் ஞாபகம் வந்தது.

நீ நாலாம் வகுப்பு. நம்ம மேட்டுக்காட்டில் பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தோம். வரப்போரப் புல்லடியிலிருந்து ஒரு குட்டியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு ஓடி வந்தாய். கண் நன்றாகத் திறந்திருந்தது, உடம்பெல்லாம் மயிர். "அப்பா, இதோட அம்மா தேடும்ல? அங்கேயே விட்டுட்டு வந்துரட்டா?" என்று கேட்டாய். கேட்டது நீதான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்தான், "மனுஷ வாடை பட்டுட்டுல்ல, இனி சேர்க்காது. கெடந்தா நரிக்குத்தான் போகும், வீட்டுக்குக் கொண்டா" என்றேன். "பிள்ள சொல்றதக் கேட்டாத்தான் என்ன" என்றாள் அம்மா. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். (இந்தப் பழமொழி எனக்குப் பொருந்திய அளவுக்கு வேறு யாருக்கும் பொருந்தியிருக்காது.) இங்க் ஃபில்லரில் பசும்பால் ஊட்டினோம். மூன்றாம் நாள் காலையில் வயிறு உப்பிக் கிடந்தது. நீ வேப்பமரத்தடியில் குழி தோண்டினாய். "நாம என்ன செய்ய முடியும்? அதோட விதி" என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அது விதி இல்லை. நீ சொன்னதுதான் சரி. அதை அந்தப் புல்லடியிலேயே விட்டிருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம்ம ஊர் முயலும் இங்கே உள்ளதும் வேறு வேறு. நம்மது குழி தோண்டாது, கூடும் கட்டாது. புல்லை உடம்பால் அமுக்கி ஒரு படுக்கை, அவ்வளவுதான். குட்டி பிறக்கும்போதே கண் திறந்து மயிரோடு பிறக்கும். இங்கத்தியது கண்ணும் திறக்காமல் மயிரும் சரியாக முளைக்காமல் பிறக்கிறது. அதனால்தான் இந்தக் குழியும் வயிற்றுப் பஞ்சும். ஆனால் குட்டியை ஒளித்துவிட்டுத் தள்ளி இருப்பதும், இருட்டியதும் வந்து பால் கொடுப்பதும் இரண்டுக்கும் பொதுதான். உன் குட்டி அனாதை இல்லை. பொழுது சாயும் வரை அதன் தாய் அந்தப் பக்கம் வராமல் இருந்திருக்கும்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், முயல் நமக்குப் புதிது இல்லை. தாத்தா இரண்டு சிப்பிப்பாறை நாய் வைத்திருந்தார். அந்த நாய்கள் முயல் வேட்டைக்கே பேர் போனவை. 1972இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் ஊரில் ராத்திரி பேட்டரி லைட்டோடு காட்டுக்குப் போனவர்கள் உண்டு. முயல் எங்கே படுக்கும், எந்தப் பக்கம் திரும்பி ஓடும், கண்ணியை எங்கே வைத்தால் விழும், எல்லாம் தெரியும். குட்டிக்கு எத்தனை வேளை பால் என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. கறிக்குத் தேவைப்படாத விஷயம்.

சரி, கதைக்கு வருகிறேன். தாய் வருகிறதா என்று கண்டுபிடிக்க அந்தப் பெண்மணி ஒரு வழி சொன்னார். கூட்டின் மேல் நாலு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு வைக்க வேண்டும். மறுநாள் காலையில் நூல் கலைந்திருந்தால் தாய் வந்துபோனது என்று அர்த்தம். பேத்தியின் சிவப்புக் கம்பளி நூலில் நாலு துண்டு வெட்டிப் போட்டோம். இங்கே இப்போது இரவு எட்டரைக்குத்தான் பொழுது அடைகிறது. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நாலு பேரும் நின்றோம். அம்மா மட்டும் பால் பொங்கிவிடும் என்று அடுப்புப் பக்கமே நின்றாள்.

எட்டே முக்கால் இருக்கும். வேலியடியில் ஒரு கல் கிடப்பது போல இருந்தது. வெகுநேரம் கல்லாகவே இருந்தது. பிறகு அந்தக் கல் இரண்டு எட்டு வைத்தது. நின்றது. மறுபடி இரண்டு எட்டு. கூட்டுக்கு நேராக வராமல் சுற்றி வளைத்து வந்து, முன்காலால் புல்லை ஒதுக்கி, அதன்மேல் அப்படியே குந்தியது. காது மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தது. வாட்ச்சைப் பார்த்தேன், முழுசாக ஐந்து நிமிஷம் இல்லை. எழுந்து, வாயாலும் காலாலும் புல்லை இழுத்து மூடிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. போகும்போது வாலைத் தூக்கியது. வெடித்த பருத்திக் காய் ஒன்று இருட்டில் துள்ளிக்கொண்டு போன மாதிரி. இதற்கு இங்கத்திப் பெயரே காட்டன்டெயில், பருத்திவால் என்றுதான் அர்த்தம். கரிசல் காட்டில் பிறந்தவன் அமெரிக்காவில் வந்து பருத்தியைத் தேடிப் பிடித்துவிட்டேன் என்று அக்கா கேலி செய்கிறாள்.

காலையில் மூன்று நூல் கலைந்து கிடந்தது. நான் தொட்ட பிறகுதான், என் வாடையோடுதான்.

வியாழக்கிழமை புல் வெட்டுகிற ஆள் மெஷினோடு வந்துவிட்டான். அக்காவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவனுக்கு ஸ்பானிஷ், எனக்குத் தமிழ். துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கூட்டின்மேல் கவிழ்த்துவிட்டு, தலைக்கு மேலே இரண்டு விரலைக் காதாக வைத்துக் காட்டினேன். அவன் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான், பிறகு அவனும் இரண்டு விரலை வைத்துக் காட்டினான். வட்டமாக ஒரு குடுமியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டினான். அவன் போனதும் மறக்காமல் கூடையை எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் சாயங்காலம் தாய் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும்.

அவரையைக் காப்பாற்றக் கோழிக்கூண்டுக் கம்பிவலை வாங்கி வந்திருந்தோம். இரண்டடி உயரம் போதும், அடியில் நாலு விரல் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். ஆனால் வேலி போட்டால் கூடு உள்ளே அகப்பட்டுக்கொள்ளும், தாய் வெளியே நின்றுவிடும். அதனால் வலைச்சுருளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பதினோரு நாள் காத்திருந்தேன். அதற்குள் அவரை முழுக்கப் போயிற்று, கொத்தவரையில் பாதி. கீரையை நானே கிள்ளி அந்தப் பக்கம் போட்டேன் என்று அம்மா உன்னிடம் சொல்லுவாள். நம்பாதே.

குட்டிகளில் ஒன்று பிழைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை என்று நினைக்கிறேன், ஒருநாள் காலையில் புல்லில் கொஞ்சம் மயிர்தான் கிடந்தது. மற்ற நாலும் கண் திறந்து, காதைத் தூக்கி, பேத்தியின் டென்னிஸ் பந்து அளவு ஆனதும் ஒவ்வொன்றாக வெளியே வந்து உட்கார ஆரம்பித்தன. பிறந்து மூன்று வாரத்துக்குள் தனியாகப் போய்விடுமாம். போன புதன்கிழமை குழி காலி. பஞ்சு மட்டும் இருந்தது. அம்மா கொஞ்சம் எடுத்து ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறாள், எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. பெற்ற அன்றைக்கே இந்த முயல் மறுபடி சினையாகிவிடக்கூடுமாம். அதனால் நேற்று வேலி போடுவதற்கு முன் தரை முழுக்க ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

அக்டோபரில் நாங்கள் திரும்பிவிடுவோம். மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்த ஆளுக்குப் பணம் கொடுத்தாயா?

இன்னொன்று. உன் முயல் கதையைப் பேத்தியிடம் சொன்னேன், என் பங்கையும் மறைக்காமல் சொன்னேன். "மாமா அதுக்கு என்ன பேரு வச்சாங்க?" என்று கேட்டாள். நீ ஏதோ ஒரு பேர் வைத்து அந்த மூன்று நாளும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய், அதுவரைக்கும் தெரிகிறது. எனக்கு நினைவு வரவில்லை, அக்காவுக்கும் இல்லை. அம்மா இரண்டு பேர் சொல்கிறாள், இரண்டும் நாம் வளர்த்த ஆட்டுக்குட்டிகளின் பேர். உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

அன்புடன்,
அப்பா