திமினியின் சுவர் மேல் வேல் வீரர்கள் எதற்கு?

சிறுவர்களுக்காக உலக வரலாறு எழுதுகிற, படம் வரைகிற நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு சிறுவர் நூல் மெய்ப்புப் பார்க்க வந்தது. புதிய கற்கால அத்தியாயத்தில் கிரேக்க நாட்டுத் திமினி. படத்தில் வானளாவிய கோட்டை, மேலே வேலோடு காவலர்கள், கீழே எரிகிற குடிசை. ஒற்றுப் பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். படத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் இந்த மடல்.

திமினி, தெசலிப் பகுதியில் வோலோஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மேடு. ஏறக்குறைய 6,800 ஆண்டுகளுக்கு முன் உழவர்கள் வாழ்ந்த ஊர். மேட்டைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகக் கல் சுவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அகழ்ந்த கிறிஸ்தோஸ் த்சூந்தாஸ் அவற்றை அரண் என்றே எடுத்துக்கொண்டார். பக்கத்திலிருக்கும், இதைவிடப் பழைய ஊரான செஸ்க்லோவின் பானைகளில் வெள்ளை மேல் சிவப்பு. திமினியில் வெளிர் நிறத்தின் மேல் கருமை. பானை மாறியதால் ஆட்களே மாறிவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். சுவரையும் சேர்த்துப் பார்த்ததும் ஒரு படையெடுப்புக் கதை தயார்!

1970களில் யோர்கோஸ் ஹூர்முசியாதிஸ் மறுபடி அகழ்ந்தார். சுவர்களுக்கு இடையில் வீடு, அடுப்பு, தானியம் சேர்க்கும் இடம் என்று குடித்தனம் நடந்த தடங்களையே அவர் முக்கியமாகப் பார்த்தார். குறுகிய சந்துகள் நடு முற்றத்துக்குப் போகின்றன. எதிரியைத் தடுப்பதைவிட, குடும்பங்களுக்கு இடம் பிரித்துக் கொடுக்கவே சுவர்கள் எழுந்தன என்பது அவர் வாதம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கோட்டைக்கும் வாசல் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். சரி, சந்துகளை மட்டும் வைத்து நான் வாதாட வரவில்லை. ஓநாயையோ திருடனையோ அந்தச் சுவர்கள் தடுத்தும் இருக்கலாம். ஆனால் வேல் வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

என் பெரிய வருத்தம் பானைகளைப் பற்றியது. அந்த நூலில் அவற்றுக்கு ஒரே வரி: “அழகிய மட்பாண்டங்கள் செய்தனர்.” அவ்வளவுதான். திமினிக் கலம் ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உருண்ட வயிற்றில் ஒரு சுருள் கோடு விரிந்து போகும்; திடீரென்று நின்றுவிடும். அந்த இடத்தில் சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் தொடங்கும். சும்மா விட்ட இடம் குறைவு. சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்த கலம் அது. மடியில் வைத்தோ தரையில் வைத்தோ, திருப்பித் திருப்பித்தான் தீட்டியிருக்க வேண்டும். சுருளை எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

அதே ஊரில் கடல் சிப்பியை அறுத்துத் தேய்த்து வளையலும் செய்தார்கள். அதற்கு நூலில் அரை வரி கூட இல்லை.

அடுத்த பதிப்பில் அந்தப் படத்தை மாற்றுங்கள். சுவரை இடுப்பளவுக்கோ தலையளவுக்கோ இறக்கி, அதன் ஓரமாக அடுப்புப் புகையை வரையுங்கள். பக்கத்தில் பாதி தீட்டிய பானையோடு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கட்டும். “கோட்டை” என்ற சொல்லை எடுத்துவிட்டு “சுற்றுச்சுவர்” என்று போடுங்கள். மெய்ப்பை நானே இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மெய்ப்புப் பார்க்கும் ஒருவர்