ஆஞ்சியோவுக்குப் பிறகு வாய் குழறினால்

ஆசிரியருக்கு,

வணக்கம். இதய ரத்தக்குழாய் அடைப்பு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1977-இல் சூரிச்சில் கிரன்ட்சிக் என்ற மருத்துவர் செய்த முதல் பலூன் சிகிச்சையிலிருந்து இன்றைய ஸ்டென்ட் (ரத்தக்குழாய் மறுபடி மூடாமல் தாங்கும் சிறு வலைக்குழாய்) வரை நன்றாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் இந்தச் சிகிச்சைக்குப் பின் வரக்கூடிய பக்கவாதம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்பதும் விட்டுப்போயிற்று.

ஸ்டென்ட் வைத்த அன்று மாலை அம்மா சீப்பு கேட்டார். கொடுத்தேன். இரண்டு முறை கையிலிருந்து நழுவி விழுந்தது. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு புரளவில்லை. "மருந்து அசதி, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்றார்கள். நானும் போர்வையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தேன். விடிந்தபோது அவருடைய வலது கையும் காலும் அசையவில்லை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஊசி ஒத்துவராத சிலருக்குக் குழாய் விட்டுக் கட்டியை வெளியே எடுக்கவும் முடியுமாம். அதற்கும் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் பலன்.

ஸ்டென்ட் வைக்க இதயத்துக்குக் குழாயைச் செலுத்தும்போது பெருந்தமனியின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போய் அடைக்கலாம். பைபாஸ் என்றால், அடுத்த சில நாட்களில் இதயத் துடிப்பு தாறுமாறாகி அதனாலும் கட்டி உண்டாகலாம். இது அபூர்வம்தான், ஸ்டென்ட் வைத்துக்கொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அதனால் பயந்து யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பெண்களுக்கு ஏன் கூடுதல்? பெரும்பாலும் அவர்கள் வயது கூடிய பிறகே சிகிச்சைக்கு வருகிறார்கள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்தே வருகின்றன. இவற்றைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் குறைகிறது. சில ஆய்வுகளில் மறைந்தே போகிறது, சிலவற்றில் மிச்சம் நிற்கிறது. பெண்ணின் மூச்சிரைப்பையும் களைப்பையும் "வேலை அதிகம்" என்று தள்ளிவிட்டுத் தாமதமாக அழைத்துப் போகிறோமே, அதற்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். சிகிச்சை முடிந்த பிறகும் அதே பழக்கம்தான். அம்மாவின் குழறலை அசதி என்றார்கள், நானும் நம்பினேன்.

ஒப்புதல் படிவத்தில் பக்கவாதம் என்ற சொல் இருந்தது. கையெழுத்து வாங்கியவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வாய் கோணுகிறதா, கை தொய்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று தெரிந்தாலும் உடனே கூப்பிடுங்கள் என்று கூட இருப்பவரிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். தயவுசெய்து அடுத்த இதழில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி