தம்பிக்கு ஒரு இடம்

கடலூர், மஞ்சக்குப்பம்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான், திட்டிவிட்டு மேலே படி. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் பத்தாவது. முத்தியால்பேட்டை மாமி இன்னும் பல் உடையும் முறுக்குதான் சுடுகிறாரா?

இப்போது எழுதுவது தம்பிக்காக. விருத்தாசலத்து இடமும் தட்டிப்போய்விட்டது, ஒன்பதாவது. ஜாதகம் பொருந்தி, அவர்களே மூன்று தடவை போன் பண்ணி, கடைசியில் சத்தமே இல்லை. இவனும் வாயைத் திறக்கவில்லை. சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருவான், தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து இடது கட்டைவிரலால் தட்டிக்கொண்டே சாப்பிடுவான். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பொம்மைப் பெண்கள், கீழே இதயங்களின் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. 34 வயதில் இதுவா என்று கத்திவிட்டேன். பாதிச் சோற்றோடு எழுந்து போய்விட்டான். இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மூன்றாம் நாள் என் போனிலும் போட்டுப் பார்த்தேன். க்ரஷ் க்ரஷ் என்று பேர், 2016ல் கனடாக்காரர்கள் கொண்டுவந்த இலவச விளையாட்டு. ஆரம்பத்தில் அந்தப் பெண்களுக்கு நம்மைக் கண்டாலே ஆகாது. பேசிப் பேசி, பரிசு கொடுத்து, வெளியே கூட்டிப்போய் மனசை மாற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நிபந்தனை உண்டு: இவ்வளவு பணம், இந்த வேலையில் இந்தப் பதவி, இன்ன குணம் இவ்வளவு. நம் தரகரின் நோட்டேதான்! ஆனால் செல்வி, இங்கே கேட்பதெல்லாம் முதலிலேயே எழுதியிருக்கிறது. போனை மூடிவிட்டு வேலைக்குப் போனாலும் காசு சேர்ந்துகொண்டே இருக்கும். கேட்டது நிறைந்துவிட்டால் அவள் சம்மதிப்பாள், பேச்சு மாற மாட்டாள். அவன் ஏன் அதை விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

நேற்று சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போனேன். அவனே பேசினான். 2013ல் பிரான்சில் ஜூலியன் தியன்னோ என்பவர் குக்கீ க்ளிக்கர் செய்தாராம், பிஸ்கட்டைத் தட்டுகிற விளையாட்டு. அதில் ஒரு சாமானை வாங்கினால், அதே சாமானை அடுத்த தடவை வாங்கும்போது விலை 15 சதவீதம் ஏறிவிடும். போகப்போகத் தட்டித் தீராது, காத்திருந்தால்தான் ஆகும். இவன் விளையாட்டில் காசு கொடுத்து வைரம் வாங்கினால் சீக்கிரம் நகரலாம். "நான் வாங்கலைக்கா, காத்திருந்து பழகிடுச்சு" என்றான்.

அப்புறம் ரீசெட்டைப் பற்றிச் சொன்னான். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து வரலாம். பெண்கள் மறந்துவிடுவார்கள், ஆனால் அடுத்த சுற்று வேகமாகப் போகும். "நம்ம வீட்டுலயும் ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்துதானேக்கா. வேகந்தான் கூடல" என்று மணலைப் பார்த்தபடி சொன்னான். என்ன சொல்வதென்று தெரியாமல் சுண்டல் பொட்டலத்தை அவன் கையில் வைத்தேன்.

தரகரிடம் இன்று சொல்லிவிட்டேன், இனிமேல், பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் வாய்விட்டுச் சொல்லும் வீடாக இருந்தால் மட்டும் கூட்டி வாருங்கள் என்று. தையல் டீச்சர் மாதிரி உதட்டைப் பிதுக்காதே, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது சொன்னாயே, உன் தெருவில் டெய்லர் கடை வைத்திருக்கும் பெண்? அவள் அப்பாவிடம் போகாதே, அவளையே கேள். இவன் சம்பளம், ஷிப்ட், சொந்த வீடு இல்லாதது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேள். பிடிக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுது, அவனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
வசந்தி